கல் தெறித்த இடங்கள்

வெளிர் நீலம் பார்ப்பதற்குச் சாதுவான நிறம். ஆனால் வண்டியில் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் ஒட்டுப் பூச அதைவிடச் சிரமமான நிறம் கிடையாது. வெயிலில் வெளுத்த பழைய நீலத்தோடு புது நீலம் சேராது. துளி கறுப்பும் துளி மஞ்சளும் விட்டு அதைப் பழசாக்க வேண்டும். இதெல்லாம் வீரணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீங்கள் இந்த ஊருக்குப் புதிது, இன்ஸ்பெக்டர். என் பெயர் முத்துக்கருப்பன். காரைக்குடியில் அரிசி மில் வைத்திருந்தேன். மனைவி பொன்னுத்தாயி எழுபதாம் வருடமே போய்விட்டாள். மகன்கள் இருவரும் மதராஸில். பொங்கலுக்கு வருவார்கள், பானை ஆறுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். மில்லையும் விற்ற பிறகு, என்னிடம் வந்து பேச யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

மில்லை விற்ற மறு வருடம் தைப்பூசத்துக்குக் குன்றக்குடி போய்விட்டு என் வெளிர் நீல அம்பாசடரில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் போன லாரி சரளையை வாரி இறைத்தது. பானெட்டில் அங்கங்கே பெயின்ட் பெயர்ந்துவிட்டது. தேவகோட்டை ரோட்டில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வீரணனை வீட்டுக்கு வரச் சொன்னேன். புதிதாகக் கல்யாணம் ஆனவன். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் துருவைத் தேய்த்தான். பள்ளங்களைப் பட்டி வைத்து நிரப்பினான். அது காயும்வரை நிழலில் உட்கார்ந்தான்.

"இம்புட்டுப் பெரிய வீட்ல ஒத்தையாவா இருக்கீக?" என்றான்.

"ஆமப்பா."

"சோறு யாருய்யா ஆக்குறா?"

"நான்தான்."

மறுநாள் வரும்போது தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தான். அவன் மனைவி சிகப்பி வைத்தது.

பெயின்ட் வேலையில் பூசுவதைவிடக் காயவிடுவதுதான் அதிகம். அந்த நேரமெல்லாம் அவன் பேசுவான். மாமியார் வீட்டுச் சண்டை, லாரி முதலாளியின் கஞ்சத்தனம், எதையாவது. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வேலை முடிந்த அன்று மிச்சப் பெயின்ட்டை ஒரு டப்பாவில் ஊற்றி வைத்தான்.

"இது ஒண்ணும் பெரிய வித்தை இல்லய்யா. சொல்லித் தாரேன். அடுத்த தடவ நீங்களே பூசிக்கிரலாம்."

சொல்லித் தந்தான். எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் பிரஷ்ஷைப் பிடிக்கும்போது கை நடுங்குவதுபோல் காட்டிக்கொண்டேன். கற்றுக்கொண்டுவிட்டால் அவன் வர வேண்டியதில்லை அல்லவா.

அதன்பின் வண்டி ஷெட்டிலேயே நின்றது. கல் எதுவும் தெறிக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் ஸ்குரூ டிரைவரை முன்கதவில் வைத்து மெதுவாகத் தட்டினேன். துவரம்பருப்பு அளவுக்குப் பெயர்ந்தது. ஆள் அனுப்பினேன். வந்தான். பிறகு மட்கார்டில் ஒன்று. பிறகு டிக்கியில்.

"ரோட்டுக்கே போகாத வண்டியில எப்படிய்யா கல்லுத் தெறிக்குது?" என்று ஒருமுறை சிரித்தான். நான் பெயின்ட் டப்பாவை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினேன். அவனும் அப்புறம் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஆவணியில் ஒரு நாள் கூப்பிடாமலே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"கோயமுத்தூர்ல பஸ்ஸு கட்டுற எடத்துல வேலை கெடச்சிருக்குய்யா. சிகப்பியும் ஆறு மாசமா முழுகாம இருக்கா. திங்கக்கெழம கெளம்புறோம். கடைசியா ஒருக்க வண்டியப் பாத்துக் குடுத்துட்டுப் போறேன்."

சந்தோஷம் என்றேன். அவன் பாலிஷ் போட்டுவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனான். நான் உள்ளே போய்ப் பொன்னுத்தாயியின் அட்டிகையை எடுத்துவந்து, அவன் சாமான் பெட்டியில் பழைய துணிகளுக்கு அடியில் வைத்தேன். அவன் விடைபெற்றுப் போனதும் சட்டை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து, அட்டிகையைக் காணோம் என்று புகார் கொடுத்தேன். அவன் வீட்டில், அவன் பெட்டியில் நகை இருந்தது. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் போட்டார்கள். அவனுக்கு வக்கீல் வைத்ததே நான்தான். திருடியவனுக்கு இவ்வளவு செய்கிறாரே என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஜெயிலில் பார்க்க விடும் நாளெல்லாம் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அங்கே யாரும் பாதியில் எழுந்து போய்விட முடியாது.

"நான் எடுக்கலய்யா," என்பான்.

"எனக்குத் தெரியும்பா," என்பேன். அது பொய் இல்லை.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. தவழ்வதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டது. சேதியை நானே போய்ச் சொன்னேன். அவன் கம்பிக்குள் கையை விட்டு என் விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எங்களுக்கு உங்கள விட்டா யாருய்யா இருக்கா?" என்றான். பொன்னுத்தாயி போனபின் யாரும் என் கையைப் பிடித்ததில்லை. அவனாக விடும்வரை நான் எடுக்கவில்லை. திரும்பி வரும்போது மனசு நிறைந்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க ஒன்றுமில்லை.

சிகப்பிக்கு என் வீட்டிலேயே வேலை கொடுத்தேன். வீரணன் வெளியே வரும் நாள் நெருங்கியது. வந்ததும் அவனுக்கு வேலை இருக்க வேண்டுமே என்று, நேற்று ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பின்கதவில் தட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குடத்தோடு அவள் வந்து நின்றாள்.

"என்னய்யா செய்றீக?"

"வீரணன் வந்து பூச வேண்டாமா?"

அவள் என் கையைப் பார்த்தாள். அவன் பூசியிருந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த நகையும் இப்படித்தானா?"

நான் அவளிடம் பொய் சொல்லவில்லை. "கோயமுத்தூர் போயிருந்தா என்னைப் பார்க்க வந்திருப்பானா, சொல்லு," என்றேன்.

"எம் புள்ள மொகத்த அவரு பாக்கவே இல்லையேய்யா," என்றாள். அவ்வளவுதான். நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

அட்டிகையை வைத்தது நான். புகார் பொய். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வீரணனை விட்டுவிடுவார்கள் என்கிறீர்கள். நல்லது, அவன் வெளியே இருப்பதுதான் சரி. மகன்களுக்குத் தந்தி கொடுக்க வேண்டாம், அவர்கள் வர மாட்டார்கள். என்னை எந்த ஜெயிலில் வைக்கப்போகிறீர்கள் என்று வீரணனிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். அவனைப் பார்க்க விட்ட ஒரு நாளைக்கூட நான் தவறவிட்டதில்லை. அவனும் வருவான்.