போர்வையில் தைத்த பெருமாள்

— பிரிச்சுப் போடு கௌரி. இப்போவே. கத்திரி எங்கே?

— கத்திரியைக் கீழ வை, அமர் அண்ணா. நாளைக்குக் குமுளி ஹோட்டல்காரா வந்து இந்தப் போர்வையைச் சுவத்துல மாட்ட எடுத்துண்டு போறா. மழைக்காலம் பூரா உக்காந்து தைச்சதாக்கும்.

— கந்தத் துணியை ஒட்டுப் போடறதுக்குத் தையல்னு பேரோ? கல்பாத்தியில பொறந்தவ பழந்துணி பொறுக்கறாய்! ஓரத்துல என்னடீ இது, மீன் முள்ளா?

— மீனோட ஃபாஸில். கல்லுக்குள்ள படிஞ்சு கல்லாவே ஆன மீன். இந்தண்டை இருக்கறது பெரணி இலை.

— செத்த மீனைப் போத்திக்கறதோ! பேஷ். என் ஆபீஸ்ல சொன்னா வயித்தைப் பிடிச்சுண்டு சிரிப்பா. மீன் கிடக்கட்டும். நடுவுல இந்தச் சுருள் எதைப் பாத்து வரைஞ்சாய்?

— நம்மாத்து சாளக்கிராமத்தை.

— கேட்டியோ, அதை உன் வாயால கேக்கத்தான் பஸ் ஏறி வந்தேன். பெருமாளைப் போர்வையில தைச்சு ஹோட்டலுக்குக் குடுக்கறாய். நாணக்கேடு!

— அதுவும் ஃபாஸில்தான் அண்ணா. என்னைக்கோ கடல்ல இருந்த நத்தை மாதிரி ஒரு ஜீவன். இப்போ கண்டகி ஆத்துல கல்லாக் கிடைக்கறது. அந்தச் சுருளைத்தான் நாம சக்கரம்னு கும்பிடறோம். கும்பிட்டுண்டேதான் தைச்சேன்.

— எனக்குப் பாடம் எடுக்காதே. பொம்மனாட்டிகள் அதைத் தொடப்படாது. நீ தள்ளி நின்னு பாத்ததோட சரி. அப்பா போனப்புறம் அது என் பெங்களூர் ஆத்துல இருக்கு. தினம் பால் விட்டு அபிஷேகம் பண்றவன் நான். அதுல சுருளுமில்லே, மண்ணுமில்லே. வெறுதே எதையோ கிறுக்கி, சாளக்கிராமம்னு பேரும் வெச்சு ஊரை ஏமாத்தறாய்.

— ஒரு வரி கூடவா இல்லே?

— மழமழன்னு இருக்கும்.

— ஓரத்துல சின்னதா ஒரு துவாரம்? அது வழியாத்தானே உள்ள இருக்கற சக்கரம் தெரியும்?

— துவாரமாவது! முழு உருண்டையாக்கும்.

— அப்பா பூஜைக்குக் கூப்பிட்டா நீ கிரிக்கெட் மட்டையோட ஆத்தங்கரைக்கு ஓடிடுவாய். ஒரு நாள் கிட்ட நின்னு பாத்திருந்தா இப்படி உளற மாட்டாய்.

— யாருடீ உளர்றா? அம்மா தன் கையால பட்டுத்துணியில சுத்தி எனக்குக் குடுத்தா. உனக்கு வரலைன்னு பொறாமை, அவ்வளவுதான். பிரிக்கறாயா, நானே வெட்டட்டுமா?

— வெட்டேன். அதுக்கு முன்னாடி பூஜை அலமாரியைத் திறந்து ஒரு நமஸ்காரம் பண்ணிட்டு வா. அம்மா போனதுலேருந்து அந்தப் பெருமாளுக்கு நான்தான் ஸ்நானமும் நைவேத்யமும். "அமருக்கு எந்தக் கல்லும் போறும்"னுட்டு அவ உனக்குச் சுத்திக் குடுத்தது, கடுமாங்கா ஊறுகாய்ப் பரணியில மாங்கா மிதக்காம இருக்கப் பாரம் வெச்சிருந்த கல்லு.