நாற்பத்து மூன்று சிவப்புப் புள்ளிகள்

மதிப்பிற்குரிய அரசு வழக்கறிஞர் அம்மையாருக்கு,

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டதும் படுக்கிற பழக்கம் எனக்கில்லை. பைசாந்துவில் பாதி ஊர் அந்நேரம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும். நான் மாத்தேத் தேநீருக்கான வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆறு தெரு தாண்டி, எபெர் லாரோசாவின் கார் ஷெட்டுக்குப் போவேன். பதினான்கு வருடமாக அப்படித்தான். அந்த ஷெட்டில் கார் நின்று நான் பார்த்ததில்லை. வால்வுகளும் தகரப் பெட்டிகளும் கம்பிச் சுருள்களும்தான் இருந்தன.

எபெரின் மரணம் பற்றிய உங்கள் அறிக்கையின் நகலை வாசித்தேன். நான்காம் பத்தியில், ‘மின்சாரத்தை அணைத்தவுடன், அது வடியும்வரை காத்திராமல் கைவைத்தது இறந்தவரின் கவனக்குறைவு’ என்றிருக்கிறது. அது தவறு. எபெர் காத்திருந்தான். அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். நான் கிச்சோன் ஊர்ப் பள்ளியில் ஆறாவதுவரை படித்துவிட்டு, முப்பத்தோரு வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவன். தவறான விலாசம் எழுதிய கடிதத்தை அப்படியே அனுப்பிவிட என்னால் முடியாது.

எங்கள் பொழுதுபோக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கேட்க வால்வு ஆம்ப்ளிஃபயர்களை நாங்களே செய்வோம். பெட்டியும் இணைப்பு வேலையும் எபெருடையவை. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவது நான். முடியைவிடச் சற்றுத் தடித்த கம்பியை, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், அடுக்கடுக்காகச் சுற்ற வேண்டும். ஒன்றுக்கு மூவாயிரம் சுற்று போகும். ஆம்ப்ளிஃபயரின் குரல் அதில்தான் இருக்கிறது. எபெரே அப்படித்தான் சொல்வான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தான் பற்றவைத்ததைத் தானே சரிபார்க்கக் கூடாது. எபெர் இணைப்பான், நான் ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் அதன்மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைப்பேன். அவன் மனைவி நிபியாவின் நெயில் பாலிஷ்தான். புள்ளி விழுந்த இணைப்பை அதன்பிறகு யாரும் சந்தேகப்படுவதில்லை.

சென்ற மார்ச்சில் எபெரும் நிபியாவும் மகளைப் பார்க்க மொந்தெவிதேயோ போனார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். ஊற்றினேன். பிறகு ஷெட்டில் கொஞ்சம் பாட்டுக் கேட்கலாமென்று உட்கார்ந்தேன். அப்போதுதான் அவனுடைய பெரிய ஆம்ப்ளிஃபயரில், என் டிரான்ஸ்ஃபார்மரை மூடியிருக்கும் கறுப்புத் தகர உறையைக் கவனித்தேன். நான் திருகாணி முடுக்கினால் அவற்றின் தலையிலுள்ள கோடுகளெல்லாம் நேராக நிற்கும். அதில் ஒன்று சாய்ந்திருந்தது.

உறையைக் கழற்றினேன். உள்ளே இருந்தது என்னுடையது அல்ல. கடையில் வாங்கிய வெளிநாட்டுச் சரக்கு. எண் அச்சடித்த ஒயர்கள், பளபளப்பான லேபிள். லேபிளின் மேல் ஒரு வருடத் தூசி இருந்தது.

அந்த ஒரு வருடத்தில் எத்தனை சனிக்கிழமை என்று எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அவன், “ஒல்லி, உன் சுருள் பாடுதுடா!” என்று என் முதுகில் தட்டியிருக்கிறான். நானும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “கடையில வாங்கினா இப்படி வருமா?” என்று கேட்டிருக்கிறேன். அவன் தலையாட்டியிருக்கிறான். நண்பனை உட்கார வைத்து, அவன் வாயாலேயே அப்படிச் சொல்ல வைத்து, எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதற்கு எப்படிப்பட்ட மனம் வேண்டும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

உறையை மூடினேன். திருகாணியை மறுபடி சாய்த்தே வைத்தேன். அவர்கள் திரும்பியதும் சாவியைக் கொடுத்தேன். நிபியா எனக்கென்று ஒரு டப்பா சீமைமாதுளை அல்வா வாங்கி வந்திருந்தாள். வாங்கிக்கொண்டேன்.

ஜூனில் எபெர் புதிதாக ஒரு பவர் சப்ளை செய்தான். வழக்கம்போல் சரிபார்க்க என்னிடம் தந்தான். இங்கே ஒன்று விளக்க வேண்டும். இந்த வகைச் சாதனத்தை அணைத்த பிறகும் அதன் பெரிய கண்டென்சர்களில் நானூற்றைம்பது வோல்ட் தேங்கி நிற்கும். அதை மெல்ல வடிக்க, குறுக்கே ஒரு ரெசிஸ்டர் வைப்போம். இரண்டு மாத்தே உறிஞ்சும் நேரத்தில் வடிந்துவிடும். அதனால் அணைத்ததும் ஆளுக்கொரு மாத்தே குடித்துவிட்டுத்தான் கையை உள்ளே விடுவோம். அந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால், மாத்தே எத்தனை குடித்தாலும் மின்சாரம் அங்கேயே இருக்கும்.

எபெரின் இணைப்புகள் நாற்பத்து மூன்று. எல்லாம் சுத்தமாக இருந்தன. ரெசிஸ்டரின் ஒரு காலை மட்டும் சூடாக்கி விடுவித்து, தொட்டுக்கொண்டிருப்பதுபோல் மயிரிழை தள்ளி நிறுத்தினேன். பிறகு நாற்பத்து மூன்று புள்ளிகள் வைத்தேன். நாற்பத்து இரண்டு சரியானவை.

மறு சனிக்கிழமை நிபியா தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு மணி நேரம் சப்ளையை ஓடவிட்டோம். பிறகு ஒரு ஒயரை மாற்ற வேண்டுமென்று எபெர் அணைத்தான். மாத்தேயில் வெந்நீர் ஊற்றி என்னிடம் நீட்டினான். நான் உறிஞ்சிவிட்டு, “நன்றி” என்று திருப்பிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் இனி வேண்டாம் என்றால்தான் நன்றி சொல்வது.

“முதல் மாத்தேக்கே நன்றியா? என்ன ஒல்லி, வயித்துல கோளாறா, இல்ல உன் டீம் மறுபடி மூணு கோல் வாங்கிருச்சா?”

“ரெண்டு கோல்தான்.”

“அப்ப வயிறுதான்.” அவனே சிரித்தான். அவனுக்கான மாத்தேயை ஊற்றிக்கொண்டான்.

அவனுக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்று நினைத்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பெரிய ஆம்ப்ளிஃபயரைக் காட்டி, “எபெர், அந்த உறைக்குள்ள இருக்கறது என்னோடதுதானே?” என்று கேட்டேன்.

உறிஞ்சுவதை நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அவன் கையைப் பிடித்திருப்பேன். ரெசிஸ்டரைக் காட்டியிருப்பேன். இருவரும் கத்தியிருப்போம், அதோடு போயிருக்கும்.

“பின்ன யாரோடதுடா? உன் மாமியார் சுத்தினதா?” என்றான்.

மாத்தேயைக் கீழே வைத்தான். மீட்டர் எட்டடி தள்ளி அலமாரியில் இருந்தது. அதை அவன் எடுக்கவில்லை என்பதையும் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். என் புள்ளி இருக்கும் இடத்தில் அவன் மீட்டர் வைத்ததே இல்லை. இடது கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வலது கையை உள்ளே விட்டான்.

அவன் விழுந்த பிறகு நான் செய்த முதல் காரியம், சால்டரிங் அயர்னை எடுத்தது. அது சூடாகத்தான் இருந்தது. கண்டென்சரை முறைப்படி வடித்தேன். பொய்ப் புள்ளியைச் சுரண்டி, ரெசிஸ்டரின் காலை ஒழுங்காகப் பற்றவைத்து, புதுப் புள்ளி வைத்தேன். மாட்டிக்கொள்வேன் என்ற பயம் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் என் புள்ளியின் அடியில் மோசமான ஒரு இணைப்பை விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை என்பதுதான் நிஜம். எபெரிடமிருந்து குறட்டைபோல் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. நெயில் பாலிஷ் காயும்போது அது நின்றிருந்தது. அதன்பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்த டாக்டர், “விழுந்ததும் கூப்பிட்டீங்களா?” என்று கேட்டார். “உடனே” என்றேன். ஏழு நிமிடம் ஆகியிருந்தது. உங்கள் நிபுணர் இணைப்புகளில் பழுதில்லை என்று எழுதியது நான் பற்றவைத்துவிட்டதால்தான். அவரைக் குறை சொல்ல முடியாது.

போன வாரம் நிபியா வந்தாள். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை என் மேசையில் வைத்தாள். என் பழைய டிரான்ஸ்ஃபார்மர். ஒரு பக்கம் கருகியிருந்தது.

“போன வருஷம் புகைஞ்சு தீப்பிடிக்கப் பாத்துச்சு, டார்டோ. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. கண்ணு வேற உங்களுக்கு மங்கிட்டு வருது. சொன்னா சுத்துறதையே விட்டுருவீங்கன்னு பயந்தாரு.”

“ஒரு வருஷமா?”

“நீங்க கேட்டுக் கண்டுபிடிச்சிருவீங்கன்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் நடுங்கிட்டுத்தான் இருந்தாரு. நீங்க கண்டுபிடிக்கல. ஒருநாள் ராத்திரி படுக்கும்போது, ‘பாவம்டி, அவனுக்குக் காதும் போயிருச்சு’ன்னாரு. சிரிக்கிறாரா அழுறாரான்னு எனக்குத் தெரியல.”

அவளுக்கு மாத்தே போட்டுக் கொடுத்தேன். மூன்று குடித்தாள். அவர் போன பிறகு பேச வேறு ஆளில்லை, அடிக்கடி வாருங்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக, எபெர் லாரோசாவைக் கொன்றது நான். திட்டமிட்டு, நானூற்றைம்பது வோல்ட் என்ன செய்யும் என்று தெரிந்தே செய்தேன். நான்காம் பத்தியை அதற்கேற்பத் திருத்திவிடுங்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நிபியா போனதும் அந்தச் சுருளைப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துப் பார்த்தேன். நான்கு நாள் ஆயிற்று. அறுநூற்றுப் பதினோராம் சுற்றில் கம்பியின் மேற்பூச்சு விட்டிருந்தது. அது கம்பியின் குறை, சுற்றிய கையின் குறையல்ல. எபெர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரே வாரத்தில் வேறு சுற்றித் தந்திருப்பேன். பதினான்கு வருடம் பழகியும் அவனுக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை.

இப்படிக்கு,
டார்டோ பிரிஸ்