மழை வந்தால் ஓடும் விளம்பரம்

கிள்ளானிலிருந்து வந்த ரயிலில், எனக்கு எதிரே வானொலி நிலையத்து டெக்னீஷியன்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

“அண்ணே, மழை பெஞ்சா விளம்பரம் தானா ஓடுது,” என்றான் இளையவன்.

“சாட்டிலைட் ரிசீவர்ல விளம்பரத்த ஓட்டச் சொல்ல ஒரு ரிலே, மழையில சிக்னல் போனா அலாரம் தட்டுறதுக்கு ஒரு ரிலே. நீ வயர எதுல மாட்டுன?”

“டெஸ்ட் பண்ணேனே. வயர் ரெண்டையும் தொட வெச்சேன், ஓடுச்சு.”

“அது விளம்பரம் ஓட்டுற கம்ப்யூட்டர டெஸ்ட் பண்ணது லா. ரிலேய இல்ல.”

வெளியே வானம் கறுத்தது. ரிலே என்றால் என்னவென்றே தெரியாத எனக்குத்தான் முதலில் வியர்த்தது.

“ரேடியோ ஸ்டேஷனுக்குப் போன் போட்டு வயர கழட்டச் சொல்லு.”

“அப்புறம் விளம்பரமே ஓடாதேண்ணே. பாஸ் ஏசுவாரு.”

“ஏசட்டும். இன்னும் கொஞ்ச நேரத்துல சாட்டிலைட்ல கந்த சஷ்டி பூஜை நேரலை வருது. நடுவுல கோழி மசாலா ஓடினா ஊரே வேலத் தூக்கிட்டு வந்துரும்.”