மயில் கழுத்துப் பச்சை

செவிலிமேடு பஸ்ஸில், மழை வழியும் ஜன்னலோரம் ஒருவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னார்:

“எங்க நெசவாளர் சங்கத் தலைவர் சொன்னா, பச்சைகூட மயில் கழுத்தாயிடுதுப்பா.”

“எப்படி?”

“முகூர்த்தச் சேலைக்குச் சாயம் போட்ட பட்டு நூலு. டியூப்லைட்டுலயே பார்த்துட்டு, ‘அசல் மயில் கழுத்து’ன்னாரு. அத்தினி பேரும் தலையாட்டிக்கினு நின்னோம்.”

“வெயில்ல பிரிச்சுப் பார்க்கணுமே?”

“அவரு சொன்னப்புறம் யாரு பிரிக்கிறது? எனக்கே அதுல நீலம் அலையலையா ஓடுறாப்பல இருந்துது. கனவு மாதிரி. இன்னிக்கு தறிக்குப் போயிடுச்சு.”

“நிறம் தெரிஞ்ச சாயக்காரன் ஒருத்தன் இருந்திருப்பானே?”

“இருந்தான்.”

அவர் மடியிலிருந்த கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மணிக்கட்டுவரை பச்சை. நீலம் துளியும் இல்லை.