குரவைக்கு ஒரு குமிழ்

கனகசுந்தரம்: எண்பத்தேழு ரூபா ஐம்பது சதம், தாஹிர். அதைத் தந்துபோட்டு லவுட்ஸ்பீக்கரைக் கேள்.

அபூதாஹிர்: கலியாணத்துக்குச் சொல்ல வந்தவனிட்ட, அண்ணன், கடனைச் சொல்றீங்க.

கனகசுந்தரம்: சொன்னாத்தானே ஞாபகம் இருக்கும். போன வருசம் உன்ர தங்கச்சி உம்மு குல்சும் கலியாணத்துக்கு என்ர ஹோர்னைக் கட்டினனான். அதுக்குள்ள சத்தம் போடுற யூனிட்டை எரிச்சுத் தந்தியள். புது யூனிட்டின்ர விலை அது.

அபூதாஹிர்: நானா எரிச்சன்? மூதூரிலிருந்து மாப்பிளையின்ட லோஞ்சு வந்து துறையில அணையக்குள்ள பொம்பிளையள் நாக்கைச் சுழட்டிக் குரவை போட்டாங்க. மைக்குக் கிட்ட நிண்டு ஆரோ ஒராள் போட்ட சத்தத்தில…

கனகசுந்தரம்: அந்த ஆரோ ஒராள் ஆர்?

அபூதாஹிர்: …அவ்வளவு சனத்துக்குள்ள ஆரைக் கண்டன்?

கனகசுந்தரம்: ஒரு வருசமா இதையே சொல்லு.

அபூதாஹிர்: குரவை பாதியில நிண்டுபோச்சு, அண்ணன். மாப்பிள வீட்டார் இண்டைக்கும் உம்மு குல்சுமை ‘அரைக் குரவை’ எண்டுதான் கூப்பிடுறாங்க. வாற ஞாயிறு சின்னவள் றுக்கியாக்கு நிக்காஹ். இதுவும் மூதூர் மாப்பிளதான். துறைக்குக் கேக்கிற மாதிரிக் குரவை இல்லையெண்டா இவளுக்கும் ஒரு பேர் வச்சிருவாங்க. உம்மா ரெண்டு நாளாச் சோறு தின்னேல்ல… நான் துறைமுகத்தில மூட்டை தூக்கி மாசம் பத்துப் பத்தாத் தாறன்.

ராசமலர்: இஞ்சேருங்கோ, வீட்டுக்கு வந்த பிள்ளைக்குக் கதிரையைக் குடுக்காமல் கணக்குக் கதைக்கிறியள். இந்தாங்கோ தம்பி, தேத்தண்ணி.

கனகசுந்தரம்: நீ குசினியைப் பார், மலர். இது தொழில் கதை.

ராசமலர்: தொழில் கதையெண்டா மைக்குகளின்ர சத்தம் கலக்கிற அந்த மிக்சரைக் காட்டுங்கோவன். என்ர தம்பி கப்பலில சிங்கப்பூருக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்து குடுத்தவன். ரெண்டு கிழமையாத் துணி போட்டு மூடி வச்சிருக்கிறார் மனுசன்.

அபூதாஹிர்: இதுவா? சவர்க்காரப் பெட்டி அளவில இரிக்கி…

கனகசுந்தரம்: அளவைப் பாராதை. நாலு மைக் குத்தலாம். மைக்குக்கு மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தனிக் குமிழ். உங்கட லெப்பை நிக்காஹ் ஓதினாப் பக்கத்தில இருக்கிறவனுக்கும் கேளாது. போன வருசம் அவருக்காக அம்பிளிபயரை முழுக்கக் கூட்டி வச்சனான். குறைக்க முதல் குரவை வந்து விழுந்திட்டு. இதில லெப்பையைக் கூட்டிப்போட்டுக் குரவையைக் குறைச்சு வைக்கலாம்.

அபூதாஹிர்: அப்ப இது இருந்தா யூனிட் எரியாது?

கனகசுந்தரம்: எரியாது.

அபூதாஹிர்: அப்ப ஞாயிறு இதையே கொண்டு வாங்களேன்.

கனகசுந்தரம்: கொண்டு வரலாம்… வயரெல்லாம் பூட்டத் தெரிய வேணுமே.

ராசமலர்: துணி போட்டு மூடின காரணம் இப்பதான் விளங்குது.

கனகசுந்தரம்: கதையாதை. தாஹிர், அந்த வயரின்ர மற்றப் பக்கத்தைப் பிடி. மைக்கை மிக்சரின்ர முதல் ஓட்டையில குத்து… ஓம். மிக்சரிலிருந்து வாற வயர் அம்பிளிபயரின்ர மைக் ஓட்டையில. எப்பவும் அதிலதானே குத்திறனாங்கள்.

அபூதாஹிர்: குத்தியாச்சு.

கனகசுந்தரம்: ஹலோ… ஹலோ…

ராசமலர்: நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ. கழுத்து இறுகின மாடு மாதிரிக் கத்துது. ஓர்ஸ் ஹில் சனம் முழுக்க வாசலுக்கு வரப்போகுது.

கனகசுந்தரம்: சிங்கப்பூர்ச் சாமான். சரிவராது எண்டு எனக்கு முதலே தெரியும்.

ராசமலர்: என்ர தம்பி இதைத் தரக்குள்ள என்ன சொன்னவன்? மிக்சருக்குள்ளயே சத்தம் ஒருக்கால் கூடும். அதைக் கொண்டுபோய் மைக் ஓட்டையில குத்தினா அம்பிளிபயர் திரும்பவும் கூட்டும், ரேப் ரெக்கோடர் குத்திற ஓட்டையில குத்துங்கோ எண்டவன். நீங்கள் தலையை ஆட்டினீங்கள், நான் கேட்டனான்.

கனகசுந்தரம்: எனக்கும் இப்பதான் ஞாபகம் வந்தது. நீ முந்திட்டாய்.

அபூதாஹிர்: மாத்திக் குத்திட்டன். ஹலோ… ஹலோ… மூதூர் லோஞ்சு வருது, எல்லாரும் வழி விடுங்க… இது என்ட குரலா, அண்ணன்? கொழும்பில செய்தி வாசிக்கிற ஆள் மாதிரியில்ல இரிக்கி.

கனகசுந்தரம்: செய்தி வாசிக்கிறவர் ஹோர்னுக்கு முன்னால நில்லாமல் பின்னுக்கு வரட்டும், மைக் கூவப்போகுது. சரி. இது லெப்பையின்ர குமிழ், ஏழில நிக்கட்டும். இனி ரெண்டாவது மைக், குரவைக்கு. சத்தத்துக்கு ஆடுற இந்த ஊசி சிவப்புக்குள்ள போகக்கூடாது. எத்தினையில வைக்கிறதெண்டு ஆரும் குரவை போட்டாத்தான் தெரியும்.

அபூதாஹிர்: நான் போடுறன்.

கனகசுந்தரம்: நீ போட்டா லோஞ்சு அப்பிடியே மூதூருக்குத் திரும்பியிடும். மலர், நீ போடு.

ராசமலர்: எனக்கு ஏலாது.

கனகசுந்தரம்: சல்லி அம்மன் கோயிலில வருசா வருசம் போடுறாய்தானே?

ராசமலர்: தொண்டை சரியில்லை.

அபூதாஹிர்: அக்காவை விடுங்க, அண்ணன். நான் போய் வீட்டிலிருந்து எங்கட மூத்த ராத்தாவைக் கூட்டிக்கொண்டு வாறன்.

கனகசுந்தரம்: ஏன் ரெண்டுபேரும் ஆளையாள் பாக்கிறியள்? ஒரு குரவைதானே. றுக்கியாக்காகப் போடன்.

ராசமலர்: …அப்ப மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ.

கனகசுந்தரம்: ஏன்?

ராசமலர்: சும்மா சொன்னனான்… லுலுலுலுலுலுலுலு…

அபூதாஹிர்: ஊசி சிவப்பில, அண்ணன். குறைங்க, குறைங்க.

கனகசுந்தரம்: குறைச்சிட்டன்… நாலு… மூண்டு… ரெண்டு. ரெண்டிலயும் சிவப்பை முட்டிக்கொண்டு நிக்குது. லெப்பைக்கு ஏழு, இதுக்கு ரெண்டு. சோக்குக் கட்டியால ரெண்டு குமிழிலயும் அடையாளம் போடு, தாஹிர்.

அபூதாஹிர்: யூனிட் எரியேல்ல. கேட்டீங்களா? துறைக்கே கேட்டிரிக்கும்.

ராசமலர்: இஞ்சேருங்கோ… அந்தக் காசை இனி இந்தப் பிள்ளையிட்டக் கேளாதேங்கோ.

கனகசுந்தரம்: ஏன்?

ராசமலர்: அண்டைக்கு மைக்குக் கிட்ட நிண்டது நான். லோஞ்சைக் கண்ட சந்தோசத்தில மைக்கைக் கையிலயே எடுத்துப் பிடிச்சுப் போட்டிட்டன். மைக்கை ஒருத்தரும் தொடக்கூடாதெண்டு நீங்கள் சொல்லி வச்சிருந்தனீங்கள். பிறகு எந்த வாயால சொல்லுறது…

கனகசுந்தரம்: நீ கண்டனியா, தாஹிர்?

அபூதாஹிர்: …கண்டன். எங்கட கலியாணத்துக்கு வந்து எங்கட பிள்ளைக்குக் குரவை போட்டவ. அவட பேரைச் சொல்லிக் காசுக்கணக்கில இழுக்கச் சொல்றீங்களா? அதைவிட மூட்டை தூக்கிறது சுகம், அண்ணன்.

ராசமலர்: ஞாயிறு வாறமெண்டு அவனுக்குச் சொல்லுங்கோ. என்னை ஏச வேணுமெண்டா ஏசுங்கோ.

கனகசுந்தரம்: ஞாயிறு வாறம், தாஹிர். ரெண்டாவது மைக்கில இவதான். எண்பத்தேழு ஐம்பதை விடு, அது முடிஞ்சுது… என்னத்தை ஏசச் சொல்லுறாய், மலர்? பதினெட்டு வருசமா உன்ர குரவையைக் கேக்கிறன். அண்டைக்கு அம்பிளிபயருக்குப் பக்கத்தில இருந்த எனக்கு அது ஆரெண்டு தெரியாதா? உன்னட்டக் கேக்கப் பயந்துதானே இவனட்டக் கேட்டுக்கொண்டு திரிஞ்சனான்.