ரேடியோ செட்டுக்காரரின் கம்ப்யூட்டர்

"அந்தச் சாப்ட்வேருக்கு எழவு வீடு எது, கல்யாண வீடு எதுன்னு தெரியல மாப்ள."

ஏர்வாடியிலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் சொன்னார். நல்லது கெட்டதுக்குக் குழாய் கட்டிப் பாட்டுப் போடும் ரேடியோ செட் வைத்திருப்பவர். கேசட் பாட்டையெல்லாம் ஏற்றிய கம்ப்யூட்டர் பெட்டி, துண்டு சுற்றி மடியில் இருந்தது. பக்கத்தில் இருந்தவரும் அதே தொழில்.

"என்ன செஞ்சுச்சு மச்சான்?"

"முந்தாநாள் ஒரு எழவு வீட்டுல, ஒப்பாரி முடிஞ்சதும் அதுபாட்டுக்குப் பொண்ணழைப்புப் பாட்டை எடுத்து விட்டுருச்சு. குழாய் ரெண்டும் ஊருக்கே கேக்குது."

"அடிக்க வந்திருப்பாகளே."

"எந்திரிச்சுட்டாக. செத்தவரு சம்சாரந்தான், 'நிப்பாட்டாதீக, எங்க கல்யாணத்துல போட்டது, ஓடட்டும்'னுச்சு."

"மொதல்ல அந்தச் சாப்ட்வேரத் தூக்கிரு. நான் வச்சிருக்கதுல கல்யாணம், சடங்கு, காதுகுத்து, எழவுன்னு தனித்தனியாப் பிரிச்சுக்கிடலாம்."

"அதத்தான் நேத்துப் போட்டேன். எல்லாத்தையும் பிரிச்சுட்டேன்."

கண்டக்டருக்கு வழிவிட்டுப் பெட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"அந்த ஒரு பாட்டைத்தான் எதுல போடுறதுன்னு தெரியல."