பக்கத்துச் சுவிட்ச்

பழைய சாமானைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது, சார். உத்திரமேரூர் பஜாரில் அப்பா காலத்திலிருந்து துணிக்கடை. வெட்டு விழுந்த துண்டைக்கூடத் தலையணை உறையாக்கி விற்றுவிடுகிற குடும்பம். அதனால்தான் அந்த மானிட்டரும் வீட்டிலேயே கிடந்தது.

போட்டதும் கொஞ்சம் வெளிச்சம் காட்டும், பிறகு கறுத்துவிடும். என் மகள் சசிரேகா காலேஜில் படிக்கும்போது அதை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனாள். கடை வைத்திருந்தவன் ஜான். பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்று மானிட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பெண்ணைத்தான் திருப்பிக் கொடுக்கவில்லை. போன தை மாதம் ரிஜிஸ்தர் கல்யாணம்.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். குடி கிடையாது, மரியாதை தெரிந்தவன். எங்களுக்கும் அவர்களுக்கும் சரிப்படாது, அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்கள் புடவையைப் புரட்டிக்கொண்டே, "இன்னா நைனா, சம்பந்தி வூடு காலனியிலயாமே? தீபாவளிக்கு நீங்க அங்க போறீங்களா, அவங்க இங்க வர்றாங்களா?" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே துணியைக் கிழித்துக் கொடுப்பேன். வியாபாரிக்கு முகம்தானே முதல்.

விருந்துக்குக் கூப்பிட்டது நான்தான். போனிலேயே அழுதுவிட்டாள் சசி.

அன்றைக்கு மாதாந்திரக் கரண்ட் கட். சாயந்தரம்தான் வரும் என்று பேப்பரில் போட்டிருந்தது. ஆனால் காலையில் வேட்டி எடுக்க வந்த லைன்மேன் வேதாசலம், "வேலை கொஞ்சம்தான் நைனா, சாப்பாட்டுக்கு முன்னாலயே வுட்டுருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்த ஜானிடம், "சாப்பாடு ஆவறதுக்குள்ள அந்த மானிட்டரப் பாத்துடேன் மாப்ள" என்றேன். என் மனைவி சுதா பதறினாள். "புது மாப்பிள்ளயப் போயி வேலை வாங்குவாங்களா?"

"இருக்கட்டும் அத்தை. எனக்குப் பொண்டாட்டி குடுத்த மிசினாச்சே" என்று அவன் சிரித்தான்.

அதன் பிளக் என்றைக்கோ உடைந்து, வயரை நேராக போர்டிலேயே முடுக்கியிருந்தோம். அவன் அதைப் பார்த்துவிட்டுச் சுவிட்சை ஆஃப் செய்தான்.

"கரண்டே இல்ல, இன்னாத்துக்கு மாப்ள ஆஃபு?"

"பழக்கம் மாமா. தரை வேற ஈரமா கீது, ரப்பர் செருப்ப மாட்டிக்கினு வர்ட்டுமா?"

"வூட்டுக்குள்ள நானே செருப்பு போடறதில்ல மாப்ள."

"சரி மாமா. கரண்டு எப்ப வரும்?"

"சாயந்தரம்னு பேப்பர்ல போட்டுகீது."

இதில் ஒரு வார்த்தையாவது பொய்யா, சொல்லுங்கள். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. மடிப்பைப் பிரித்துப் பார்த்து 'இது என்ன கறை' என்று கேட்டால், கறைதான் என்று சொல்லி விலையைக் குறைப்போம். பிரிக்காதவரிடம் நாமாகப் பிரித்துக் காட்டுவதில்லை. பேப்பரில் போட்டதைச் சொன்னேன். வேதாசலம் என்ன சொன்னான் என்று அவன் கேட்கவில்லை.

பின்மூடியைக் கழற்றி, உள்ளே கைவிட்டு, "கெப்பாசிட்டர் ரெண்டு உப்பிக்கினு கீது மாமா, மாத்துனா பளிச்சுனு எரியும்" என்றான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

கரண்ட் போன வீட்டில் ஃபேன் சுவிட்சைப் போட்டு வைப்பது எல்லோருக்கும் வழக்கம்தான். வந்தால் தெரியுமே. நானும் எழுந்து போய்ப் போட்டேன். பக்கத்திலேதான் மானிட்டர் சுவிட்ச். அவன் முதுகு என் பக்கம் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, பேப்பரை விரித்து, மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது சுற்றத் தொடங்கியதும் சமையலறையிலிருந்து சசி, "ஐ, கரண்டு வந்துடுச்சி" என்றாள். குழந்தையில் சொல்வதைப் போலவே சொன்னாள்.

ஃபேனைப் போடும்போது கை பட்டிருக்கலாம் என்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதப் பார்த்தார். நல்ல மனுஷர். ஆனால் வேண்டாம், பஜாரில் என் வாக்குக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. கை படவில்லை. பக்கத்துச் சுவிட்சைத்தான் முதலில் போட்டேன். ஃபேனைப் பிறகுதான் போட்டேன்.

சாதி பார்த்துச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் புத்தி எனக்குக் கிடையாது. கூடத்தில் என் பக்கத்திலேயே உட்கார வைத்தேன், வாய் நிறைய மாப்ள என்றேன்.

அப்புறம் ஒன்று, சார். அவன் செருப்பு இன்னும் எங்கள் வாசலிலேயே கிடக்கிறது. அவர்கள் பக்கத்திலிருந்து யாரையாவது வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதை யார் தொடுவது?